பால் போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்

தமிழ்நாட்டுக் கம்பத்தில் பெற்று, மலைமேல் கேரளத்துக் குமுளியிலோ வண்டன்மேட்டிலோ வளர்க்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். வளைகாப்பு முடிந்ததும் பெண் மலையிலிருந்து தாய்வீட்டுக்கு இறங்குகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு மறுபடி ஏறுகிறாள். பால் கொடுப்பதில் வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்திலேயே தலைகாட்டிவிடும். அந்த ஆறு வாரமும் இரண்டு மாநிலத்து அறிவுரையும் அவள் கட்டிலைச் சுற்றி நிற்கும். அம்மா பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் ஆக்கி வைப்பாள். மலையாளிகளோடு பழகிய மாமியார் உள்ளி லேகியமும் வெந்தயம் போட்ட உலுவாக் கஞ்சியும் சொல்லுவாள். பிள்ளை விடாமல் அழுதால் மட்டும் இருவர் வாயிலும் ஒரே பேச்சு: "பால் போதவில்லை போலிருக்கிறது, ஒரு டப்பா பால்மாவு வாங்கி வரச் சொல்லு."

பெரும்பாலான வீடுகளில் அந்த முடிவு தவறு. சில வீடுகளில் சரி. எந்த வீட்டில் எது என்று கண்டுபிடிக்க அழுகை உதவாது. எடைத்தட்டும் ஈரத்துணியும்தான் உதவும். தலைப்பிள்ளை பெற்றவளும் கூட இருப்பவர்களும் என்னென்ன செய்யலாம் என்பதை நாள் வரிசையில் எழுதுகிறேன்.

பிறந்த அன்று

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். துடைத்த பிள்ளையைத் துணி சுற்றாமல் தாயின் வெற்று மார்பின்மேல் போட்டு, மேலே ஒரு போர்வை. தொப்பி இருந்தால் தலைக்கு. உடம்புச் சூட்டில் பிள்ளை தானே மார்பைத் தேடத் தொடங்கும். அறுவைச் சிகிச்சை ஆனவர்களும் மயக்க மருந்து முதுகில்தான் போடப்பட்டது என்றால், உதவிக்கு ஆள் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியும். கேட்டால்தான் நடக்கும். அதனால் பிரசவ அறைக்குள் போவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுக் கணக்கில் வரும். அதைப் பார்த்துத்தான் முதல் பீதி. முதல் நாள் பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதற்கு மேல் கொள்ளவும் கொள்ளாது. நோயை எதிர்க்கும் சத்துகள் நிறைந்த பால் இது. பீய்ச்சிக் கீழே கொட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, விட்டுவிட வேண்டும்.

சேனை தொட்டு வைப்பது இன்னொன்று. நம் பக்கம் சீனித் தண்ணீர் அல்லது தேன். மலைக்கு அந்தப் பக்கம் வசம்பும் பொன்னும் தேனில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். ஒரு வயது வரைக்கும் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளர வைக்கும் விஷத்தை உண்டாக்கும். வசம்பு வாந்தியைக் கிளப்பும். சடங்கை விட முடியாது என்றால் சேனை வைக்கும் தாத்தாவின் விரலாலேயே ஒரு சொட்டுச் சீம்பாலைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களோடு மருமகள் வாதாட வேண்டியதில்லை. செவிலியர் எதிரே பாட்டியை நிறுத்தி, "நீங்களே சொல்லுங்கள் சிஸ்டர்" என்று விட்டுவிட்டால் போதும். மகள் சொன்னால் எடுபடாதது வெள்ளைச் சட்டை சொன்னால் எடுபடும். நியாயமோ இல்லையோ, வழக்கம் அப்படி.

வாயில் பிடிக்க வைப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். காம்பு வெடிப்பு, பால் கட்டுவது, எடை ஏறாதது, ஒரு மணி நேரம் சப்பியும் பசி அடங்காதது என்று எதை எடுத்தாலும் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும். ஆனால் பிரசவ வீட்டில் பூண்டுக்குக் கிடைக்கிற கவனத்தில் கால் பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

முதலில் தாய் நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்கு ஒன்று. பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும். தாய் குனியக் கூடாது. குனிந்தே கொடுத்தால் ஒரு வாரத்தில் கழுத்தும் முதுகும் போய்விடும்.

பிள்ளையின் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். பல வீடுகளில் நான் பார்ப்பது, பிள்ளை மல்லாந்து கிடக்கும், கழுத்து மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். உங்கள் கழுத்தைத் தோள்பக்கம் முழுவதும் திருப்பிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், அதன் பாடு புரியும்.

பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். காம்பு மேலுதட்டில் உரசினால் வாய் திறக்கும். லேசாகத் திறந்தவுடன் திணிக்காதீர்கள். கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறக்கும்வரை காத்திருந்து, அந்தக் கணத்தில் முதுகைத் தாங்கி நெருக்கிச் சேருங்கள். மோவாய் முதலில் மார்பில் பதிய வேண்டும். பின்தலையை அழுத்தாதீர்கள், பிள்ளை திமிறும்.

சரியாகப் பிடித்திருந்தால் காம்பு மட்டுமில்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போயிருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். கருவட்டம் கொஞ்சம் வெளியே தெரிந்தால் மேற்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரியும். கன்னம் குழி விழாது. முதலில் வேகமாகச் சப்பிவிட்டுப் பிறகு நிதானமாக விழுங்கும் ஓசை கேட்கும். "டக் டக்" என்று நாக்குச் சொடுக்கும் சத்தம் கேட்டால் பிடி நழுவுகிறது.

ஆரம்ப நாட்களில் முதல் சில நொடிகள் சுருக்கென்று இருக்கலாம். வலி நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு, மறுபடி பிடிக்க வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காம்பு புண்ணாகும்.

வயிற்றில் தையல் உள்ளவர்களுக்கு மடியில் போடுவது கஷ்டம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்துக் கொடுக்கலாம். மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கும் இரட்டைப் பிள்ளைக்காரர்களுக்கும் இந்த இரண்டாவது முறை எளிது.

காம்பு உள்வாங்கி இருந்தால் பால் கொடுக்கவே முடியாது என்பது வீண் பயம். பிள்ளை பிடிப்பது கருவட்டத்தைத்தான். முனை வெட்டிய புதுச் சிரிஞ்சைத் திருப்பி மாட்டிக் காம்பை மெல்ல வெளியே இழுக்கும் முறை ஒன்று உண்டு. செவிலியரைக் கேட்டால் செய்து காட்டுவார், நீங்களாக முயல வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தும் பிடி நழுவிக்கொண்டே இருந்தால் நாக்கின் அடியில் தசை ஒட்டியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம்

இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை. கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டாம். கையை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்பிக்கொள்வது எல்லாம் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசி அடையாளம். வீறிட்டு அழும் பிள்ளையைப் பிடிக்க வைப்பது கடினம், முதலில் மார்போடு அணைத்து அமர்த்த வேண்டும்.

தூங்குமூஞ்சிப் பிள்ளை என்றால் கதை வேறு. எடை குறைந்து பிறந்தவை, குறைமாதப் பிள்ளைகள், மஞ்சள் காமாலை உள்ளவை பசித்தாலும் எழாது. பிறந்த எடைக்கு மீண்டும் வரும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள்.

ஒரு பக்கத்தை முழுவதும் குடித்து அதுவாக விட்ட பிறகு மறுபக்கம். பாதியில் மாற்றினால் கடைசியில் வரும் கொழுப்பான பால் கிடைக்காமல் போகும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம், அதனால் ராத்திரிப் பாலை நிறுத்திப் புட்டி கொடுத்தால் பகல் பாலும் குறையும். மாலை வேளையில் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் திடீரென்று நாள் முழுக்கக் கேட்கும். பால் வற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை; தனக்கு வேண்டியதைக் கூட்டிக் கேட்கிறது. பால்மாவு டப்பா பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைவது இந்த நாட்களில்தான்.

போதுகிறதா? இப்படிப் பாருங்கள்

எல்லையின் எந்தப் பக்கத்து டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது பிள்ளை எத்தனை முறை மூத்திரம் போகிறது என்பதுதான். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு வாருங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் போக வேண்டும். முதல் வாரத்தில் டயப்பருக்குப் பதில் பழைய வேட்டித் துணியே நல்லது. டயப்பர் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடும்.

மலம் முதலில் தார்போலக் கறுப்பாக இருக்கும். பிறகு பச்சை கலந்து, நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தாலோ, துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை விழுந்தாலோ பால் குறைவாகப் போகிறது, அன்றே காட்டுங்கள்.

முதல் சில நாள் எல்லாப் பிள்ளைக்கும் எடை குறையும். ஏழு சதவீதம் வரை சாதாரணம். பத்து சதவீதத்தைத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். அதாவது மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 2.7 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் ஒரு நாளைக்கு இருபது முதல் முப்பது கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்தால்தான் கணக்கு நிற்கும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிட்டு "இருநூறு கிராம் குறைந்துவிட்டது" என்று அழுது வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பால் போதுகிறது. மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, பீய்ச்சினால் கொஞ்சம்தான் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சேலை நனைகிறது எனக்கு நனையவில்லை என்பதெல்லாம் கணக்கில் சேராது.

உண்மையிலேயே குறைவாகச் சுரப்பவர்களும் உண்டு. பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்கள், தைராய்டு சிக்கல் உள்ளவர்கள், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியவர்கள், மார்பில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைப் பிரசவத்துக்கும் பால் இறங்க ஓரிரு நாள் தாமதமாகலாம். எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னால் பிள்ளையின் வயிறுதான் முதலில். பீய்ச்சிய தாய்ப்பால், அது இல்லையென்றால் டாக்டர் சொன்ன அளவில் பால்மாவு, பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; மார்பில் போடுவதையும் கூடவே தொடருங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றி நீட்டிக்க மட்டும் கூடாது. பால்மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காரணம் சொல்லாமல் யாராவது டப்பாவை நீட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

புண், பால் கட்டு, காய்ச்சல்

காம்பு வெடித்தால் முதலில் பிடியைத் திருத்துங்கள். கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காற்றாட விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் இன்னும் வறளும்.

மூன்றாம் நான்காம் நாள் பால் இறங்கும்போது மார்பு கல்லாகி, கருவட்டம் விறைத்து, பிள்ளையால் பிடிக்க முடியாது. அடிக்கடி கொடுப்பதுதான் மருந்து. கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணி ஒற்றடம். கருவட்டத்தை விரல் நுனிகளால் உள்நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்தினால் இளகும். கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிடிக்க வையுங்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக உருவி விடுவதை அனுமதிக்காதீர்கள், உள்ளே வீக்கம் கூடும். வலி தாங்காமல் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். பால் மறக்கச் செய்ய நினைப்பவர்களின் வைத்தியம் அது.

ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் மார்பு அழற்சி. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். அந்தப் பக்கத்துப் பாலையும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், நிறுத்தினால்தான் சீழ் கட்டும். டாக்டர் மருந்து எழுதும்போது பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்துகள் இருக்கின்றன.

தாயின் தட்டு

பத்தியத்தில் எனக்கு ஒரே ஒரு சண்டை, தண்ணீரைக் கட்டுப்படுத்துவதோடு. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அரை டம்ளர் கொடுப்பார்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பூண்டு, சுறா, முருங்கைக்கீரை, கருவாடு, முட்டை, பருப்பு எல்லாம் நல்ல சாப்பாடு. ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளை சப்பிக் காலி செய்வதுதான். லேபிள் இல்லாத லேகியத்தை விட்டுவிடுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடருங்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கம்பத்துச் சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். டாக்டர் எழுதும் வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதை நிறுத்திவிடலாம், அந்த நுரையீரல் அதைத் தாங்காது.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாவிட்டால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் உடனே கிளம்புங்கள். பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், எப்போதானாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. இளவெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று நாள் கடத்துவது ஆபத்து. 108 இரண்டு மாநிலத்திலும் வரும். கீழே பெரிய இடம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

தாய்க்கும் ஒரு கவனம் வேண்டும். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மை, பிள்ளையின்மேல் வெறுப்பு, செத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அது நோய், மருந்து உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மலை ஏறும்போது

தடுப்பூசி அட்டையைப் பையின் மேலேயே வையுங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அடுத்த ஊசிகள். கீழே தொடங்கியதை மேலே கேரள சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டித் தொடரலாம். ஏறும் முன் வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஓடுகிற வண்டியில் கொடுக்க வேண்டாம். நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள், டிரைவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

ஏலத்தோட்ட வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் உண்மையான சோதனை. சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பிய பின் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் பாலூட்ட இரண்டு இடைவேளை. பதிவேட்டில் பெயர் இருக்கிற தொழிலாளிக்கு இது கிடைக்கலாம். விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் ஏறும் தினக்கூலிக்காரிக்கு ஏட்டில்தான் இருக்கிறது. அவளுக்கு நான் சொல்லக்கூடியது, முடிந்தவரை ஆறு மாதம் தள்ளுங்கள். முடியாவிட்டால் இரண்டு வாரம் முன்பே கையால் பீய்ச்சப் பழகுங்கள்.

கையைச் சோப்பால் கழுவி, கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின்மேல் விரல் வழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரில் பிடியுங்கள். குளிர்ந்த மலை வீட்டில் நான்கு மணி நேரம் வெளியே இருக்கலாம். கீழே கோடையில் அந்தக் கணக்கை நம்பாமல் பிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் தாங்கும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் பிடித்ததை அந்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை வைத்துச் சூடேற்றி, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு இந்த வேலை நன்றாக வரும்.

தோட்டத்திலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சிவிட வேண்டும், இல்லையென்றால் மார்பு கட்டும், பாலும் குறையும். பூச்சிமருந்து அடித்த நாளில் அந்தப் பாத்தி வேலை வேண்டாம் என்று கங்காணியிடம் கேளுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளை கையை நீட்டினாலும் வாசலிலேயே நில்லுங்கள். சேலையை மாற்றி, தனி வாளியில் நனைய வைத்து, கை, கழுத்து, மார்பு எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.